பூவைப் பிரிந்த நிறம்

செம்பரத்தைப் பூவின் இதழ்களைக் கொதிநீரில் இட்டுச் சாறு இறங்கியபின் வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி எடுக்கும் மணப்பாகு நம் வீடுகளுக்குப் புதியதன்று. வடிகட்டிய மாத்திரத்தில் ஊதாவும் கருமையும் கலந்து மங்கலாகத் தோன்றும் அந்தச் சாற்றில் எலுமிச்சைச் சாற்றின் முதற்சில துளிகள் விழுந்ததும், விழுந்த இடத்திலிருந்து செம்மை கிளம்பிப் பாத்திரம் முழுவதும் பரவுவதைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் அதே மணப்பாகு கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு, ஜன்னலோரத்து அலமாரியில் ஒரு கோடையைக் கழிக்குமாயின், சிவப்பு சிறிது சிறிதாக வெளுத்து, செங்கல் நிறமாகி, முடிவில் வெறும் பழுப்பாக நின்றுவிடுகிறது. பூஞ்சணம் பூக்கவில்லை, புளித்து நுரைக்கவில்லை, இனிப்பும் புளிப்பும் ஏறக்குறைய முன்போலவே இருக்கின்றன. மூடிய புட்டியிலிருந்து நிறம் மட்டும் எங்கே போயிற்று?

இயற்கைச் சாயம் நிலைக்காது, அதன் சுபாவமே அப்படி என்று சொல்லிக் கேள்வியை முடித்துவிடுவது வழக்கம். இந்த விடை போதாது. ஏனெனில் வாடாமல்லிப் பூ செடியிலிருந்து பறித்துப் பல மாதங்கள் ஆனபின்னும் தன் ஊதா நிறத்தை விடாமல் வைத்திருக்கிறது. சங்குப்பூவின் நீலச் சாறு, எலுமிச்சையின் உதவி சிறிதுமின்றியே, செம்பரத்தைச் சாற்றைவிட நெடுநேரம் நிறம் மாறாது நிற்கிறது. மூன்றும் இயற்கை நிறங்களே. ஒன்று சீக்கிரம் அழிவதற்கும் மற்றொன்று தங்குவதற்கும் காரணம், அந்நிறத்தைத் தரும் பொருளின் உள்ளமைப்பிலும், நாம் அதை வைத்திருக்கும் சூழ்நிலையிலும் இருக்கிறது. உள்ளமைப்பைப் பூ தீர்மானிக்கிறது; சூழ்நிலை நம் கையில் உள்ளது.

நிறம் என்பது பொருளுக்குள் நிரம்பியிருக்கும் ஒரு சாரம் அன்று. வெள்ளொளி ஒரு திரவத்தின் வழியே செல்லும்போது, அதிலுள்ள மூலக்கூறுகள் அவ்வொளியின் ஒரு பகுதியை உட்கொண்டுவிட, எஞ்சியது நம் கண்ணை வந்தடைகிறது. செம்பரத்தைச் சாற்றின் மூலக்கூறு பச்சை ஒளியை உட்கொள்கிறது. ஆகவே சாறு சிவந்து தோன்றுகிறது. இவ்வாறு கட்புலனாகும் ஒளியை உட்கொள்ளும் ஆற்றல் வாய்ந்த பொருள்களை நிறமிகள் என்கிறோம். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறதென்றால், மூலக்கூறில் கரி அணுக்கள் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும்படி நீண்ட தொடராக இணைந்திருக்கும் அமைப்பிலிருந்து வருகிறது. அத்தொடரை நடுவே எங்காயினும் துண்டித்துவிட்டால், மூலக்கூறு உட்கொள்ளும் ஒளி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு அப்பொருள் நிறமற்றதாகிறது. ஆகையால் மூடிய புட்டியிலிருந்து எதுவும் வெளியேற வேண்டிய அவசியமே இல்லை. அணுக்களெல்லாம் அங்கேயே இருக்கின்றன. அவை கோத்திருந்த முறைதான் குலைந்துவிட்டது.

பூக்களின் நிறமிகளுள் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களுள் அடங்கும். செம்பரத்தை, ரோஜா, சங்குப்பூ ஆகியவற்றின் சிவப்பும் ஊதாவும் நீலமும் அந்தோசயனின்கள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை நீரில் கரையும். செண்டுமல்லியின் மஞ்சளும் செம்மஞ்சளும் கரோட்டினாய்டுகள். இவற்றுள் மிகுதியானவை நீரில் கரையாமல் எண்ணெயில் கரையும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ ஆகியவற்றின் நிறம் பீட்டாலயின்கள். பீட்ரூட் கிழங்கைச் சிவக்க வைப்பதும் இதே இனம்தான். இயற்கையில் ஒரே செடியில் அந்தோசயனினும் பீட்டாலயினும் சேர்ந்து இருப்பதாக இதுவரை எவரும் கண்டதில்லை என்பது தாவர இயலின் விசித்திரங்களுள் ஒன்று.

அந்தோசயனின்களின் இயல்பை முதலில் கூர்ந்து நோக்கியவர்களுள் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் பாயில் குறிப்பிடத்தக்கவர். 1664-இல் வெளிவந்த நிறங்களைப் பற்றிய தம் நூலில், வயலெட் பூவின் பாகு அமிலம் பட்டால் சிவப்பதையும் காரம் பட்டால் பச்சையாவதையும் அவர் விரிவாக எழுதினார். இன்று அதன் காரணம் தெரியும். இந்நிறமி ஒரே உருவில் நிலைத்து நிற்பதன்று. புளிப்பு மிகுந்த நீரில் அது சிவந்த உருவம் கொள்கிறது. புளிப்புக் குறைந்து, புளிப்பின் அளவைக் குறிக்கும் பிஹெச் எண் நாலு, ஐந்து என்று உயரும்போது ஒரு நீர் மூலக்கூறு அதனுடன் ஒட்டிக்கொள்ள, முன் சொன்ன தொடர் அறுபட்டு நிறமற்றதாகிறது. அமிலமும் காரமும் அற்ற நடுநிலையில் ஊதாவும் நீலமுமாகிறது. காரம் மிகுமானால் அதன் வளையமே திறந்து மஞ்சளாகி, விரைவில் சிதைந்துபோகிறது. எலுமிச்சை பிழிந்ததும் சாறு சிவந்தது இதனால்தான்.

பூவுக்குப் பூ நிறம் வேறுபடுவதற்கு இந்த உருமாற்றமே முழு விளக்கமாகுமா என்ற கேள்வி நெடுங்காலம் விஞ்ஞானிகளை ஆட்கொண்டிருந்தது. ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் 1913-இல் கார்ன்ஃப்ளவர் என்னும் நீலப்பூவின் நிறமியைப் பிரித்தெடுத்து, பின்னர் சிவந்த ரோஜாவின் நிறமியோடு ஒப்பிட்டபோது, இரண்டும் சயனின் என்னும் ஒரே பொருள் என்று கண்டார். ஒன்று நீலமாயிருப்பதும் மற்றொன்று சிவப்பாயிருப்பதும் இதழ்ச் சாற்றின் அமில கார வேறுபாட்டால் என்று அவர் கருதினார். தாவர நிறமிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, அதிலும் சிறப்பாகப் பச்சையத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, 1915-ஆம் ஆண்டின் நோபெல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் நீலப்பூவின் சாறு அவர் எண்ணியதுபோல் காரமுள்ளதன்று, சற்றே புளிப்புள்ளது. அங்கே நிறமியை நீலமாக நிறுத்தி வைப்பது வேறொன்று. 2005-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்நீல நிறமியைப் படிகமாக்கி ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, சயனிடினைக் கருவாகக் கொண்ட ஆறு அந்தோசயனின் மூலக்கூறுகளும், துணைநிறமி எனப்படும் நிறமற்ற ஃபிளேவோன் மூலக்கூறுகள் ஆறும், இரும்பு, மக்னீசியம், இரண்டு கால்சியம் ஆகிய உலோக அணுக்களைச் சூழ்ந்து ஒரு கட்டடமாக எழும்பியிருப்பது வெளிப்பட்டது. இது நம் புட்டிக்கு மிகவும் பொருத்தமான செய்தி. பூவின் உயிரணுவுக்குள் நிறமி தனியே வாழ்வதில்லை. துணையோடும் ஒழுங்கோடும் வாழ்கிறது. இதழை நசுக்கிச் சாறு எடுக்கும் கணத்திலேயே அந்த ஒழுங்கு கலைந்துபோகிறது.

இனி, நிறம் மறைந்ததும் நிறம் அழிந்ததும் ஒன்றல்ல என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். வெளுத்துப்போன பாகில் ஒரு கரண்டி எடுத்து, புதிதாக எலுமிச்சைச் சாற்றைச் சில துளிகள் சேர்த்துப் பாருங்கள். சிவப்புத் திரும்பி வருமானால், நிறமி நீரோடு ஒட்டி மறைந்திருந்தது என்று பொருள். திரும்பாமல் பழுப்பாகவே நின்றால், மூலக்கூறு உடைந்து நிறமற்ற சிறு துண்டுகளாகவும், ஒன்றோடொன்று பிணைந்த பழுப்புத் திரளாகவும் ஆகிவிட்டது. அதை மீட்க வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் நிறமியை அளப்பதும் இதே தத்துவத்தின்மேல்தான். சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றை பிஹெச் 1 என்ற கடும் புளிப்பிலும், மற்றொன்றை பிஹெச் 4.5 என்ற மென்புளிப்பிலும் வைத்து, இரண்டும் ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை எவ்வளவு உட்கொள்கின்றன என்று நிறமாலை ஒளிமானியால் அளக்கிறார்கள். உயிரோடிருக்கும் நிறமி முதலாவதில் சிவந்தும் இரண்டாவதில் நிறமற்றும் இருக்கும். அழிந்த பழுப்போ இரண்டிலும் ஒரே மாதிரி தோன்றும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது மெய்யான நிறமியின் அளவு மட்டுமே. கண்ணை ஏமாற்றவல்ல பழுப்பு, இவ்வளவு எளிய கழித்தலில் கணக்கிலிருந்து நீங்கிவிடுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

இவ்வாறு வாரந்தோறும் அளந்து வந்ததில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நிறமி ஒவ்வொரு நாளும் இவ்வளவு என்று சம அளவில் குறைவதில்லை. சம காலங்களில் சம விகிதத்தில் குறைகிறது. ஒரு மாதத்தில் பாதி போயிற்றென்றால், அடுத்த மாதத்தில் எஞ்சியதில் பாதி போகும். மூன்றாம் மாத முடிவில் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். பாதியாகக் குறைவதற்கு வேண்டிய காலத்தை அரைவாழ்வுக் காலம் என்று வழங்கலாம். இந்தக் காலத்தை மிகவும் சுருக்குவது உஷ்ணம். பத்துப் பாகை சென்டிகிரேடு ஏறும்போது இத்தகைய சிதைவு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ விரைவுபடுவது பொதுவாகக் காணப்படும் உண்மை. குளிர்ப்பெட்டியின் 5 பாகைக்கும் நம் சித்திரை மாதத்து அறையின் 35 பாகைக்கும் இடையே மூன்று பத்துகள் உள்ளன. ஆகவே அலமாரியில் இருப்பது குளிர்ப்பெட்டியில் இருப்பதைவிட எட்டு மடங்கிலிருந்து இருபத்தேழு மடங்கு வரை விரைவாக நிறம் இழக்கும். ஓராண்டு பொறுத்திருக்க இயலாத ஆய்வாளர்கள் புட்டிகளை 40, 50, 60 பாகைகளில் வைத்துச் சில வாரங்களில் அளந்து, அதிலிருந்து சாதாரண உஷ்ணத்தின் ஆயுளைக் கணித்துச் சொல்வதும் உண்டு. எல்லா உஷ்ணங்களிலும் ஒரே விதமான சிதைவுதான் நிகழ்கிறது என்ற அனுமானத்தின்மேல் நிற்பதால், அக்கணக்கை மெய்யான சேமிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் நம்புவது உசிதமன்று.

உஷ்ணத்திற்கு அடுத்தபடி காற்று. புட்டியின் கழுத்தில் எஞ்சியிருக்கும் இடத்திலும் நீரில் கரைந்தும் பிராணவாயு இருக்கிறது. நிறமி அதனோடு கூடிச் சிதைகிறது. இங்கே எதிர்பாராத ஒரு சிக்கல் தோன்றுகிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், அஸ்கார்பிக் அமிலம் என்ற இரண்டும் உள்ளன. சிட்ரிக் அமிலம் புளிப்பைத் தந்து நிறமியைச் செவ்வுருவில் நிறுத்துகிறது. வைட்டமின் சி என்று நாம் போற்றும் அஸ்கார்பிக் அமிலமோ, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுகையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தோற்றுவித்து, அதனால் அந்தோசயனின் சிதைவதை விரைவுபடுத்துகிறது. உடலுக்கு இவ்வளவு நன்மை செய்யும் பொருள் நிறத்திற்குத் தீங்கு செய்வது பழரசத் தொழிலில் பலகாலமாக அறிந்த செய்தி. ஆகவே நிறத்தையே முதன்மையாகக் கருதுபவர்கள், கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் தூய சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து, புட்டியைக் கழுத்துவரை நிரப்பி மூடுவது நல்லது. இரும்புப் பாத்திரமும் ஆகாது. இந்நிறமிகளுள் பல இரும்போடு கூடிக் கறுத்துவிடும்.

வெளிச்சத்தின் செயலைப் பிரித்தறிவது இதைவிடக் கடினமானது; ஏனெனில் வெயில் எங்கே உண்டோ அங்கே வெப்பமும் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு புட்டிகளை அருகருகே வைத்து, ஒன்றை மட்டும் தகரத்தாளால் சுற்றிவிட்டால், உஷ்ணம் ஏறக்குறையச் சமமாயிருக்க, ஒளி மட்டும் வேறுபடும். இவ்வகைப் பரிசோதனைக்கு அழகிய முன்னோடி ஒன்று உண்டு. ஓவியர்களின் நீர்வர்ணங்கள் மங்குவதைப் பற்றி இங்கிலாந்தில் பெரும் வாதம் எழுந்தபோது, ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் வர்ணம் பூசிய காகிதங்களைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, சிலவற்றில் உலர்ந்த காற்றையும் சிலவற்றில் ஈரக் காற்றையும் நிரப்பி, சிலவற்றிலிருந்து காற்றையே வெளியேற்றி, நெடுங்காலம் வெயிலில் வைத்து, 1888-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈரக் காற்றில் மங்கிய வர்ணங்களுள் பெரும்பாலானவை வெற்றிடத்தில் அதே வெயிலில் மங்காமல் நின்றன. ஒளி தனித்து அழிப்பதைவிட, காற்றும் ஈரமும் துணை நிற்கும்போதே மிகுதியாக அழிக்கிறது என்ற பேருண்மை அதனால் நிலைபெற்றது. கண்ணாடிப் புட்டியிலுள்ள பாகில் ஒளி, காற்று, நீர் மூன்றும் ஒருங்கே கூடுகின்றன.

அப்படியானால் சங்குப்பூ தாங்குவது எவ்வாறு? அதன் நிறமிகளுக்குத் தெர்நாட்டின்கள் என்று பெயர். டெல்ஃபினிடின் என்னும் தட்டையான கருவின் இருபுறமும் சர்க்கரைகளும் கூமாரிக் அமிலங்களும் கோத்த நீண்ட கிளைகள் தொங்குகின்றன. அக்கிளைகள் மடிந்து வந்து கருவின் மேலும் கீழும் படிந்துகொள்கின்றன. இறுகக் கட்டிய வெற்றிலைக் கவுளியில் இலைமேல் இலை படிந்திருக்க நடு இலையைக் காற்றும் வெயிலும் தீண்ட முடியாதிருப்பதுபோல, நடுவிலுள்ள கருவை நீர் மூலக்கூறு அணுகி ஒட்டிக்கொள்ள இயலாமற் போகிறது. செம்பரத்தையின் நிறமியிலோ சயனிடின் கருவோடு இரண்டு சர்க்கரைகள் மட்டுமே சேர்ந்துள்ளன. மூடி நிற்கும் கிளைகள் இல்லை. புளிப்பின் உதவியின்றி நிற்கக்கூடிய நீலம் இயற்கையில் அருமை என்பதால், சங்குப்பூச் சாறு உணவு நிறமாக உலகெங்கும் மதிப்புப் பெற்று, 2021-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது. ஆயினும் அது அழியாத நிறமன்று. கொதிக்கும் உஷ்ணமும் நேர் வெயிலும் அதையும் வெளுக்கச் செய்யும். வெறும் நீர்ச்சாறாக வெளியே வைத்தால் நிறம் போவதற்கு முன்பே கிருமிகள் அதைக் கெடுத்துவிடும்.

செண்டுமல்லியின் கதை வேறு. அதன் மஞ்சளான லூட்டீன், இதழில் கொழுப்பமிலங்களோடு பிணைந்தே இருக்கிறது. இதற்கு எலுமிச்சையும் வேண்டாம், புளிப்பும் வேண்டாம். நாற்பது கரி அணுக்கள் கொண்ட அதன் நீண்ட தொடரைப் பிராணவாயு சிறுகச் சிறுக அரித்துத் துண்டாக்குகிறது. ஒளியும் வெப்பமும் அத்தொடரை முறுக்கி வளைத்து நிறத்தை மங்கச் செய்கின்றன. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இப்பூவை ஏக்கர் கணக்கில் பயிரிட்டு, கோழித்தீவனத்தில் சேர்ப்பதற்காகவும் மஞ்சட்கருவுக்கு நிறம் ஏற்றுவதற்காகவும் சாறு எடுக்கிறார்கள். பறித்த பூவைக் குவித்து அழுத்திக் காற்றுப் புகாமல் மூடிவைக்க, உள்ளே லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிப் புளிக்கச் செய்து, கேடு செய்யும் பிற கிருமிகளைத் தடுக்கின்றன; மூட்டம் சரியில்லாமல் காற்றுப் புகுந்த குவியலில் நிறமி கணிசமாக நஷ்டமாகிவிடும். பின்னர் உலர்த்தி, கரைப்பான் கொண்டு இறக்கிய குழம்பைக் காற்றும் ஒளியும் படாத கலன்களில் குளிர்ச்சியாக வைக்கிறார்கள். பவழமல்லிக் காம்பின் செம்மஞ்சளும் குங்குமப்பூவின் நிறமும் கரோட்டினாய்டு இனமே என்றாலும், குங்குமப்பூவின் குரோசின் சர்க்கரைகளோடு பிணைந்திருப்பதால் நீரில் கரைகிறது. ஈரம் ஏறிய குங்குமப்பூவில் அச்சர்க்கரைப் பிணைப்பு அறுபட்டு நிறவலிமை குறைவதால், அதை இறுக மூடிய டப்பியில் இருட்டில் வைப்பது சாஸ்திரமறிந்த வழக்கம்.

வாடாமல்லியின் ரகசியம் ஈரமின்மை. நாம் பூவென்று காண்பதில் பெரும்பகுதி, காகிதம்போல் மெலிந்து செடியிலேயே உலர்ந்த நிலையிலிருக்கும் பூவடிச் செதில்களே. பீட்டாலயினை நீர் இரண்டாக உடைக்கிறது. நீர் இல்லாத இடத்தில் அச்சிதைவு மிகமிக மெல்லவே நடக்கும். அதே பூவைச் சுடுநீரில் இட்டுச் சாறு எடுத்துக் கொதிக்கவைத்தால் சிறிது நேரத்தில் ஊதா வெளுத்து மஞ்சளாகிறது. இக்குடும்பத்திற்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு உண்டு: உடைந்த இரண்டு துண்டுகளும், குளிர்ந்த நிலையில் மென்புளிப்பு நீரில் விடப்பட்டால், ஓரளவு மீண்டும் கூடி இழந்த நிறத்தில் ஒரு பங்கை மீட்டுக்கொள்கின்றன.

இதிலிருந்து பெரும்பாலான பூக்களுக்குப் பொருந்தும் சிறந்த சேமிப்பு உலர்த்தலே என்பது தெளிவு. ஆனால் உலர்த்தும் முறையிலும் கவனம் வேண்டும். பச்சை இதழிலுள்ள நொதிகள், இதழ் கசங்கி ஈரத்தோடு கிடக்கும்வரை நிறமியைத் தின்றுகொண்டே இருக்கும். மழைக்கால நிழலில் நாட்கணக்காகக் கிடந்த செம்பரத்தை இதழ் கறுத்துப்போவது அதனால்தான். சிறிது நேரம் ஆவியில் காட்டி நொதிகளை அடக்கியபின், காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய பரப்பாக விரித்து விரைவில் உலர்த்தி, பொடியாக்காமல் இதழாகவே இறுக மூடிய கலத்தில் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு சாறு எடுப்பதே வீட்டிற்கு ஏற்ற வழி. பொடியாக்கினால் காற்றுப் படும் பரப்பு பெருகிவிடும்.

பூநிறங்களைச் செய்து விற்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தைக் காட்டி விற்கவேண்டும் என்பதற்காகத் தெளிந்த கண்ணாடிப் புட்டியைத் தேர்ந்தெடுத்து, வெயில் விழும் முகப்பு அலமாரியில் அடுக்கிவைப்பதை விட்டுவிடுங்கள். பழுப்புக் கண்ணாடியில் கழுத்துவரை நிரப்பி, எந்தப் பூ, என்ன புளிப்பு சேர்த்தது, எந்த நாளில் எடுத்தது, எவ்வளவு உஷ்ணத்தில் வைக்கவேண்டும் என்ற நான்கையும் புட்டியின்மேல் அச்சிடுங்கள். வாங்குவோரும் அந்த நான்கும் இல்லாத புட்டியை வாங்கவேண்டாம்.